சாரணர் இயக்கத்தின் தந்தை

இராபர்ட் பேடன் பவல் 1857ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 22ஆம் நாள் இலண்டன் மாநகரில் பிறந்தார். மூன்று அகவையில் தந்தையை இழந்த அவரைத் தாயார் வளர்த்து ஆளாக்கினார். பள்ளியை அடுத்த காட்டில் விலங்குகளின் தடம் அறிவதும், தீ மூட்டிச் சமைப்பதும் அவருக்கு விருப்பமான செயல்கள். 1876இல் படையில் சேர்ந்து இந்தியாவிலும் ஆப்பிரிக்காவிலும் பணியாற்றினார்.

1899ஆம் ஆண்டு அக்டோபரில் தென்னாப்பிரிக்காவின் மேஃபகிங் நகரைப் போயர் படையினர் முற்றுகையிட்டனர். நகரைக் காக்கும் பொறுப்பு பேடன் பவலிடம் இருந்தது. வீரர்கள் போதாமையால், அவருடைய படை அதிகாரி ஒருவர் நகரச் சிறுவர்களைக் குழுவாகத் திரட்டினார். குண்டுகள் விழும் தெருக்களில் அவர்கள் மிதிவண்டியில் சென்று செய்திகளைச் சேர்ப்பித்தனர், மருத்துவமனையிலும் உதவினர். முற்றுகை 217 நாள்கள் நீடித்தது. நம்பி ஒப்படைத்தால் சிறுவரும் பெரும்பணி ஆற்றுவர் என்பதைப் பேடன் பவல் அங்கே கண்டறிந்தார்.

துணிவோடு பயிற்சியும் சேர வேண்டும் என்பது அவர் கொள்கை. ஆதலால், 1907ஆம் ஆண்டு ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் ஏறத்தாழ 20 சிறுவர்களுக்கு முகாம் நடத்தினார். செல்வர் வீட்டுப் பிள்ளைகளும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் அங்கே ஒன்றாகத் தங்கினர். முடிச்சிடுதல், முதலுதவி செய்தல், நீரிலும் நெருப்பிலும் சிக்கியோரை மீட்டல் முதலியவற்றைக் கற்றனர். எந்த இடர் வரினும் அதற்கு முன்பே ஆயத்தமாக இருத்தல் சாரணர் நெறியாயிற்று. 1909இல் இலண்டனில் நடந்த சாரணர் பேரணிக்குச் சிறுமியர் தாமாகவே வந்து தம்மையும் சேர்க்குமாறு வேண்டினர். மறு ஆண்டே, தங்கை ஆக்னஸின் துணையோடு அவர்களுக்கும் ஓர் அமைப்பை ஏற்படுத்தினார்.

இந்தியாவிலோ, தொடக்கத்தில் ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியச் சிறுவர்களுக்கே இவ்வியக்கத்தில் இடம் கிடைத்தது. ஏனைய இந்தியச் சிறுவர்கள் ஒதுக்கப்பட்டனர். இக்குறையைப் போக்க அன்னி பெசண்ட் அம்மையார் சென்னையில் இந்தியச் சிறுவர்களுக்கெனத் தனிச் சாரணர் சங்கம் தொடங்கினார். 1921இல் இந்தியா வந்த பேடன் பவல் அச்சங்கத்தைத் தம் இயக்கத்தோடு இணைத்துக்கொண்டார். மூடியிருந்த கதவு திறந்தது.

1941ஆம் ஆண்டு ஜனவரி 8ஆம் நாள் கென்யாவில் அவர் மறைந்தார். விடுதலைக்குப் பின், 1950இல் பாரத சாரணர் சாரணியர் இயக்கம் உருவாயிற்று. பள்ளிகளில் இன்று கழுத்துத்துணி அணிந்து கட்டுப்போடப் பழகும் மாணவர்கள், புயலும் வெள்ளமும் வரும் நாளில் அண்டை வீட்டாருக்குத் துணை நிற்கவே ஆயத்தமாகின்றனர்.

விடை எழுதுக

1. மேஃபகிங் நகரச் சிறுவர்கள் செய்த பணிகள் யாவை?
2. பிரவுன்சீ முகாமில் சிறுவர்கள் எவற்றைக் கற்றனர்?
3. அன்னி பெசண்ட் அம்மையார் தனிச் சங்கம் தொடங்கியது ஏன்?
4. உங்கள் தெருவில் வெள்ளம் புகுந்தால் நீங்கள் செய்யக்கூடிய உதவிகளை ஐந்து வரிகளில் எழுதுக.