கடல் வரைபடத்துக்கு ஏன் 2பி பென்சில்? ஒரு கண்ணை இழந்த ஓவியரின் கதை

பெரிய கப்பல்களில் இப்போது எல்லாம் திரைதான். ஆனால் காகித வரைபடம் வைத்திருக்கும் படகுகளில், அதன் பக்கத்திலேயே ஒரு பென்சிலும் இருக்கும். பெரும்பாலும் 2பி.

போக வேண்டிய பாதை, இப்போது இருக்கும் இடம், நேரம் எல்லாவற்றையும் அதில்தான் குறிப்பார்கள். பயணம் முடிந்ததும் அழித்துவிட்டு, அதே தாளை அடுத்த பயணத்துக்கும் எடுப்பார்கள். 2ஹெச் மாதிரி கெட்டியான பென்சில் என்றால் தாளில் பள்ளம் விழும். எவ்வளவு ரப்பர் போட்டாலும் தடம் போகாது. போன மாதக் கோட்டை இன்றைய கோடு என்று நினைத்துவிட்டால் படகு பாறையில் போய் நிற்கலாம். பேனாவோ, தண்ணீர் பட்டால் மை கலைந்துவிடும் என்ற பயம். கிராஃபைட்டுக்கு அந்தக் கவலை இல்லை.

கெட்டியா, மென்மையா என்று கடையில் கேட்டு வாங்குகிறோமே, அந்த வசதியைக் கொடுத்தவர் நிக்கோலா ழாக் கோன்டே. 1755-ல் பிரான்ஸின் நார்மண்டியில் பிறந்தவர். தொழில், உருவப்படம் வரைவது. மனசு முழுக்க இயந்திரங்களில்.

1793-ல் பிரிட்டனுடன் போர் மூண்டது. பென்சிலுக்கான தரமான கிராஃபைட் அப்போது இங்கிலாந்தின் பாரோடேல் சுரங்கத்தில்தான் கிடைத்தது. அப்படியே குச்சியாக அறுத்து மரத்துக்குள் வைக்கலாம், அவ்வளவு சுத்தம். போரால் அது நின்றுபோனது. ராணுவப் பொறியாளர்கள் கோட்டைக்கும் பாலத்துக்கும் எதை வைத்து வரைவார்கள்? போர் விவகாரங்களைக் கவனித்த லசார் கார்னோ, கோன்டேயிடம் மாற்று வழி கேட்டார்.

கையில் இருந்ததோ மட்டமான கிராஃபைட். கோன்டே அதைப் பொடியாக்கி, ஈரக் களிமண்ணோடு பிசைந்து, குச்சிகளாக அழுத்தி, சூளையில் சுட்டார். சில நாள்களிலேயே முடித்துவிட்டார் என்பார்கள். கொஞ்சம் மிகைப்படுத்தலாகவும் இருக்கலாம். 1795-ல் காப்புரிமை கிடைத்தது.

உண்மையான லாபம் வேறு இடத்தில் இருந்தது. களிமண் கூடினால் கெட்டி, வெளிர் கோடு. கிராஃபைட் கூடினால் மென்மை, கறுப்புக் கோடு. அதுவரை சுரங்கம் கொடுத்ததுதான் பென்சில். அதன் பிறகு வேண்டிய பதத்துக்குச் செய்துகொள்ளலாம். இன்றைய 2பி-யும் இதே கலவைக் கணக்குதான்.

போருக்காக பாரிஸ் அருகே மியூடோனில் பலூன்களையும் தயாரித்தார் கோன்டே. ஹைட்ரஜன் சோதனை ஒன்று வெடித்ததில் இடது கண் பறிபோனது. ஓவியருக்கு இதைவிடப் பெரிய அடி என்ன இருக்கு? மனுஷன் ஓயவில்லை.

1798-ல் நெப்போலியனோடு எகிப்து போனார். பிரெஞ்சுக் கப்பல் படையை நெல்சன் நொறுக்கியதால் ஊரிலிருந்து உதவி வர வழியில்லை. கெய்ரோ கிளர்ச்சியில் கருவிகளும் சூறையாடப்பட்டன. கோன்டே அங்கேயே பட்டறைகள் போட்டார். துணி, வாள், அறுவைசிகிச்சைக் கருவி, லென்ஸ் என்று கேட்டதெல்லாம் அங்கிருந்து வந்தன.

திரும்பியதும், எகிப்து ஆய்வுகளைத் தொகுக்கும் பிரம்மாண்ட நூலின் பொறுப்பு அவரிடம் வந்தது. படங்களில் வானத்துக்கான நுண்ணிய இணைகோடுகளைக் கையால் செதுக்கினால் காலம் போதாது. அதற்கும் ஒரு இயந்திரம் செய்தார்.

1805 டிசம்பரில், 50 வயதில், பாரிஸில் இறந்தார். நூல் வெளிவரத் தொடங்கியது 1809-க்குப் பிறகுதான்.