பிரித்துப் பார்த்த மனிதர் ஜி.டி.நாயுடு

நிபோங் திபாலில் மோட்டார்சைக்கிள் வழியில் நின்றுவிட்டால் நாம் போமனைத் தேடிப் போகிறோம். இந்தச் சொல் ஆங்கிலத்தின் ஃபோர்மேன் என்பதிலிருந்து மலாய்க்கு வந்து, நம் வாயிலும் ஒட்டிக்கொண்டது. ஃபோர்மேன் என்றால் ஒரு குழுவாக வேலை செய்பவர்களுக்குத் தலைமை ஏற்று, அவர்களுக்கு வேலையைச் சொல்லிக்கொடுத்து நடத்துபவர். நம் ஊரில் அந்தத் தலைமைப் பொருள் எங்கேயோ உதிர்ந்துவிட்டது. எண்ணெய்க் கறை படிந்த கையில் ஸ்பேனர் பிடித்தவர் எல்லாருமே போமன்தான்.

என் மாமாவும் ஒரு போமன். எஸ்.பி.எம். தேர்வு எழுதி, முடிவுக்காகக் காத்திருந்த மாதங்களில் அவருடைய பட்டறையில் வேலை செய்தேன். பெண்பிள்ளைக்கு இங்கே என்ன வேலை என்று கேட்ட வாடிக்கையாளர்களும் உண்டு. மாமா பதில் சொல்லாமல் என் கையில் ஸ்பேனரைக் கொடுப்பார். அந்த நாள்களில்தான் அவர் தொழில் பழகிய கதையைச் சொன்னார். பதினைந்து வயதில் வேறொரு பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தாராம். அங்கிருந்த முதலாளி, கார்புரேட்டரைத் திறக்கும் நேரம் பார்த்து மாமாவைத் தே ஓ வாங்கிவர அனுப்பிவிடுவாராம். தேநீரோடு திரும்பி வந்தால் கார்புரேட்டர் மூடியிருக்கும். டயர் மாற்றுவதும் தரை கழுவுவதுமாக இரண்டு ஆண்டுகள் போயின. பையன் தொழிலைக் கற்றுக்கொண்டால் எதிரிலேயே கடை போட்டுவிடுவான் என்ற பயம் அந்த முதலாளிக்கு.

இப்போது நான் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் படிக்கிறேன். கோயம்புத்தூர் ஜி.டி.நாயுடுவின் வாழ்க்கையைப் படித்தபோது, மாமா வாங்கிவந்த அந்தத் தேநீர்தான் முதலில் நினைவுக்கு வந்தது. நாயுடுவை இந்தியாவின் எடிசன் என்று சொல்வார்கள். அவர் செய்த பொருள்களின் பட்டியலை எந்தப் பொது அறிவு நூலிலும் பார்த்துக்கொள்ளலாம். தனக்குத் தெரிந்த தொழிலை அடுத்தவர் கைக்கு எப்படிக் கொண்டுபோவது என்ற கேள்வியோடு அவர் பட்ட பாடு பற்றி அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

கோபால்சாமி துரைசாமி நாயுடு 1893ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள் கோயம்புத்தூரை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். தாயைச் சிறு வயதிலேயே இழந்தவர். பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கவில்லை, பள்ளிக்கூடத்துக்கும் அவரைப் பிடிக்கவில்லை. தொடக்கக் கல்வியோடு படிப்பு நின்றது. இதைப் படித்துவிட்டு நாமும் பள்ளிக்கு முழுக்குப் போடலாம் என்று எந்தத் தம்பியும் கிளம்பிவிட வேண்டாம். வகுப்பறையை விட்டாரே தவிர, அவர் புத்தகத்தை விடவில்லை. தானே படித்துக்கொண்டார்.

அவருடைய இளமையில் அந்தப் பக்கத்துச் சாலைகளில் மாட்டு வண்டிதான் ஓடும். அப்படிப்பட்ட ஊரில் ஓர் ஆங்கிலேய அதிகாரி மோட்டார்சைக்கிளில் வந்து இறங்கினார். மாடும் இல்லாமல் குதிரையும் இல்லாமல் ஓடுகிற அந்த வண்டி இளைஞரைத் தூங்கவிடவில்லை. கோயம்புத்தூருக்குப் போய் ஓர் உணவகத்தில் பரிமாறும் வேலையில் சேர்ந்தார். சம்பளத்தைச் சிறுகச் சிறுகச் சேர்த்து, கடைசியில் அந்த அதிகாரியின் வண்டியையே விலைக்கு வாங்கினார்.

வாங்கிய வண்டியைப் பாகம் பாகமாகப் பிரித்துப் போட்டு மறுபடி பூட்டினார். பட்டறையில் நின்று பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும். பிரிப்பது எளிது. ஒரு திருகாணி மிச்சம் இல்லாமல் திரும்பப் பூட்டும்போதுதான் எந்தப் பாகம் எதற்காக அந்த இடத்தில் இருக்கிறது என்பது புரியும். நாயுடுவுக்கு அருகில் நின்று சொல்லித்தர யாரும் இல்லை. அந்த வண்டியே அவருக்குப் பள்ளிக்கூடம், அதுவே பாடநூல். பிற்காலத்தில் கல்வியைப் பற்றி அவர் பிடித்த பிடிவாதங்கள் எல்லாம் இங்கே முளைத்தவை என்றுதான் நினைக்கிறேன்.

இடையில் பருத்தி வியாபாரத்தில் இறங்கி, பம்பாய் வரை போய்ப் பணத்தை இழந்து திரும்பினார். 1920ஆம் ஆண்டில் ஒரு பேருந்து வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டத் தொடங்கினார். கோவையில் ஆலைகள் நடத்திய ஆங்கிலேயத் தொழிலதிபர் ராபர்ட் ஸ்டேன்ஸ் அதற்கு உதவியதாகச் சொல்வார்கள். ஓட்டுநர் வேறு யாருமில்லை, நாயுடுவேதான். தைப்பூசக் காலத்தில் தண்ணீர்மலைக்குக் கூட்டம் ஏறுவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு, பழனிக்கு ஓடிய பேருந்தில் எவ்வளவு நெரிசல் இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

ஒரு பேருந்து பல பேருந்துகளாகி, யு.எம்.எஸ். என்ற பெயரில் பெரிய நிறுவனமாக வளர்ந்தது. இங்கே கொஞ்சம் நின்று யோசித்துப் பார்க்கலாம். ஒரே ஒரு பேருந்து இருக்கும்வரை ஓட்டுநரும் போமனும் முதலாளியும் ஒருவராகவே இருந்துவிடலாம். வண்டிகள் பெருகினால் அத்தனைக்கும் ஓட்டுநர் வேண்டும், நடத்துநர் வேண்டும், என்ஜின் பார்ப்பவர், தகரம் தட்டுபவர், டயர் பார்ப்பவர் எல்லாரும் வேண்டும். 1920களின் கொங்கு நாட்டில் இவர்களை எங்கே போய்த் தேடுவது? பீளமேட்டில் பி.எஸ்.ஜி. குடும்பத்தார் தொழிற்பயிலகம் தொடங்கியதே 1926இல்தான். வேலைக்கு வந்தவர்கள் ஏர் பிடித்த, மாட்டு வண்டி ஓட்டிய கைகள். தொழிலாளி கிடைக்காவிட்டால் அவரை உருவாக்கிக்கொள்ள வேண்டும். கார்புரேட்டரை மறைத்து மறைத்துத் திறக்கிற முதலாளியால் ஒரு பேருந்தை நடத்த முடியும், பேருந்து நிறுவனத்தை நடத்த முடியாது.

மறைக்காமல் விட்டால் என்ன நடக்கும் என்பதற்கும் அவர் வாழ்க்கையிலேயே ஒரு சான்று இருக்கிறது. 1937ஆம் ஆண்டு பீளமேட்டில் இருந்த நேஷனல் எலக்ட்ரிக் ஒர்க்ஸ் என்ற தொழிற்கூடத்தில் இந்தியாவின் முதல் மின்மோட்டார் உருவானது. நாயுடுவின் பெயரோடு சேர்ந்து பேசப்படும் சாதனை இது. ஆனால் அந்த மோட்டாருக்கு மூளையாக இருந்தவர் டி.பாலசுந்தரம் என்ற இளைஞர்.  அந்த இளைஞர் அங்கேயே தங்கிவிடவில்லை. 1946இல் டெக்ஸ்டூல் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, நூற்பாலை இயந்திரங்கள் செய்யும் பெரிய தொழிலதிபரானார். மாமாவின் பழைய முதலாளி எதை நினைத்துப் பயந்தாரோ அதுவேதான் நடந்தது. அதனால் நாயுடு நொடித்துப் போகவும் இல்லை. இன்று மோட்டார்களுக்கும் பம்புகளுக்கும் பெயர்போன தொழில் நகரம் கோயம்புத்தூர். அந்தப் பெயருக்கு ஒருவர் மட்டும் காரணமாக இருந்திருக்க முடியாது.

இதற்கிடையில் அவர் ஐரோப்பா போனார். 1936இல் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தன் கேமராவில் படமெடுத்தார். மின்கலத்தில் இயங்கும் சவரக் கருவி, மிக மெல்லிய சவர பிளேடு, மண்ணெண்ணெயில் ஓடும் மின்விசிறி, முறைகேடு செய்ய முடியாத வாக்குப்பதிவு இயந்திரம் என்று வரிசையாகச் செய்தார். மாகாணத் தேர்தலில் தானே நின்றார், தோற்றார். வாக்கை எண்ணும் இயந்திரம் செய்யத் தெரிந்தவருக்கு வாக்கை வாங்கத் தெரியவில்லை.

அவர் வாழ்க்கையில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படும் பகுதி 1945இல் வருகிறது. அந்தக் காலத்தில் சென்னை மாகாண ஆளுநராக இருந்தவர் சர் ஆர்தர் ஹோப். அவருடைய பெயரில் கோயம்புத்தூரில் ஒரு தொழில்நுட்பப் பயிலகமும் ஒரு பொறியியல் கல்லூரியும் தொடங்குவதற்கு நாயுடு கொடை கொடுத்தார். கல்லூரியின் முதல்வர் பொறுப்பையும் ஏற்றார். தொடக்கப்பள்ளியைத் தாண்டாத ஒருவர் பொறியியல் கல்லூரிக்கு முதல்வர்! இன்றைக்கு இப்படி ஒரு விண்ணப்பம் வந்தால் கணினியே நிராகரித்துவிடும்.

முதல்வரான பிறகுதான் சிக்கல் தொடங்கியது. பொறியியல் படிப்புக்கு நான்கு ஆண்டுகள் தேவையில்லை, இரண்டே போதும் என்றார். மீதி இரண்டு ஆண்டுகள் மாணவர்களின் இளமையை வீணடிப்பது என்பது அவர் வாதம்.  ஆங்கிலேய அரசு அசையவில்லை. நாயுடு பதவியைத் துறந்து வெளியே வந்தார்.

நான்காண்டுப் படிப்பில் இருக்கிற நான் இங்கே அவரோடு முழுவதும் உடன்பட முடியவில்லை. ஒரு பாலத்தின் இரும்பு எப்போது தளரும், ஒரு கொதிகலன் எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்பதை அடித்துப் பார்த்தோ தட்டிப் பார்த்தோ கற்க முடியாது. கணக்கு வேண்டும், கணக்குக்குக் காலம் வேண்டும். நாயுடுவின் கை அபூர்வமான கை. அந்தக் கையை வைத்து எல்லாருக்கும் பாடத்திட்டம் போட்டது அவருடைய பிழை என்றே சொல்வேன். ஆனால் அவர் கேட்ட கேள்வி இன்னும் பதில் இல்லாமல் நிற்கிறது. இயந்திரத்தைத் தொடாமலேயே ஒருவர் இயந்திரப் பட்டம் வாங்கலாமா? தொட்டுக் கற்றவரைப் பட்டம் வாங்கியவருக்குக் கீழே வைப்பது ஏன்?

நம் ஊரிலேயே பாருங்கள். நிபோங் திபாலில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம் இருக்கிறது, தொழிற்கல்விக் கல்லூரியும் இருக்கிறது. முதலாவதில் இடம் கிடைத்தால் உறவினர்கள் வீடு தேடி வந்து வாழ்த்துவார்கள். இரண்டாவதில் சேர்ந்த பிள்ளையைப் பற்றிக் கேட்டால் பெற்றோர் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். திறன் சான்றிதழில் மூன்றாம் நிலை முடித்து நான்காம் நிலை டிப்ளோமா வரை போகலாம், அதற்கு மேலும் வழி இருக்கிறது என்பது எத்தனை வீட்டில் தெரியும்? படிவம் ஐந்தில் என்னோடு படித்த ஒரு தோழன் வெல்டிங் பயிற்சிக்குப் போனான். திருமண வீட்டில் பார்த்தபோது, என்ன படிக்கிறாய் என்று யாரோ கேட்டதற்கு அவன் பதில் சொல்லாமல் நகர்ந்துபோனதைப் பார்த்தேன்.

நாயுடுவின் பிற்கால வாழ்க்கையைப் படிக்கும்போது பெருமையும் வருத்தமும் கலந்தே வருகின்றன. குறைந்த விலையில் வானொலி செய்தார். இரண்டு பேர் அமரும் சிறிய காரை 2,000 ரூபாய்க்குத் தரமுடியும் என்று 1952இல் செய்து காட்டினார். அதைத் தயாரிக்க அரசு உரிமம் தரவில்லை. இப்போது ஆண்டது ஆங்கிலேய அரசு அல்ல, சுதந்திர இந்தியாவின் அரசு. ஆனாலும் கோப்பின் நிறம் மாறவில்லை. வரிச்சுமையை எதிர்த்து, தான் செய்த பொருள்களைப் பலர் பார்க்கத் தானே அடித்து நொறுக்கினார்.

இதைப் பலர் வீரம் என்று எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஸ்பேனர் பிடித்தவனுக்குப் புரியும்படி பேச அவருக்குத் தெரிந்திருந்தது, ஏனென்றால் அங்கே செய்து காட்டினால் போதும். கோப்பு பிடித்தவருக்கு அந்த மொழி தெரியாது. அங்கே பொறுமையாக எழுதி, நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு, இன்று கொஞ்சம் விட்டுக்கொடுத்து நாளைக்குக் கொஞ்சம் வாங்க வேண்டும். அந்தப் பேச்சை நாயுடு கற்றுக்கொள்ளவே இல்லை. இரண்டாண்டுப் படிப்பைச் சோதனைக்காக ஒரு பிரிவில் மட்டும் நடத்த அனுமதி வாங்கியிருந்தால் தொழிற்கல்வியின் கதை வேறு மாதிரி போயிருக்குமோ என்னவோ.

ஆனால் செய்து காட்டுவதை அவர் கடைசிவரை விடவில்லை. தான் சேகரித்த, தான் செய்த கருவிகளை எல்லாம் பொதுமக்கள் வந்து பார்க்கும்படி கோயம்புத்தூரில் ஒரு தொழிற் கண்காட்சியாக வைத்தார். 1974ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள் காலமானார்.

அவர் தொடங்கிய கல்லூரி 1950இல் தடாகம் சாலைக்கு இடம் மாறி, இன்று அரசு தொழில்நுட்பக் கல்லூரி என்ற பெயரோடு இயங்குகிறது. படிப்பு நான்கு ஆண்டுதான். அவிநாசி சாலையில் பழைய இடத்துக்கு ஹோப் காலேஜ் என்ற பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது. அங்கே அந்தப் பெயரில் எந்தக் கல்லூரியும் இல்லை, ஆனால் பேருந்து நடத்துநர் இன்றும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் ஆட்களை இறக்குகிறார். அதே சாலையில் 10 கிலோமீட்டருக்கு மேல் நீளும் மேம்பாலம் 2025 அக்டோபரில் ஜி.டி.நாயுடு பெயரோடு திறக்கப்பட்டது.

போன விடுமுறையில் இந்தக் கதையை மாமாவிடம் சொன்னேன். பேருந்து ஓட்டியது, மோட்டார் செய்த இளைஞர், கல்லூரி, ராஜினாமா எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு வந்தவர், பொருள்களை உடைத்த இடத்தில் கையை உயர்த்தி நிறுத்தினார். உடைக்கிற நேரத்தில் ரெண்டு பையன்களைக் கூப்பிட்டு அந்த ரேடியோவைப் பிரித்துப் பூட்டக் காட்டியிருக்கலாமே என்றார். பிறகு தொழிற்பயிற்சிக்காக வந்திருக்கும் தம்பியைக் குரல் கொடுத்துக் கூப்பிட்டு, தன் பக்கத்தில் உட்காரச் சொன்னார். அன்றைக்குத் தே ஓ வாங்கப் போனது நான்.