வெடித்த இன்ஜின் சொன்ன பாடம்

லாரிகள் டீசலில் ஓடுவது உங்களுக்குத் தெரியும். டீசல் என்பது ஒரு மனிதரின் பெயர் என்பது தெரியுமா?

ருடால்ஃப் டீசல் 1858 மார்ச் 18 அன்று பாரிஸ் நகரில் பிறந்தார். பெற்றோர் ஜெர்மானியர்கள். அப்பா தோல் பொருட்கள் செய்பவர். 1870-ல் பிரான்சுக்கும் ஜெர்மானியருக்கும் போர் மூண்டது. குடும்பம் பாரிசை விட்டு லண்டனுக்குப் போக நேர்ந்தது. 12 வயது ருடால்ஃப் மட்டும் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் இருந்த உறவினர் வீட்டுக்கு அனுப்பப்பட்டான்.

பெற்றோரைப் பிரிந்த ஏக்கத்திலும் அவன் படிப்பை விடவில்லை. பின்னர் மியூனிக் நகரில் பொறியியல் படித்தபோது, கார்ல் லிண்டே என்ற பேராசிரியர் அவருக்கு ஆசிரியராக வாய்த்தார். நீராவி இன்ஜினில் எரியும் நிலக்கரியின் வெப்பத்தில், 100 பங்கில் ஏறக்குறைய 10 பங்குதான் வேலையாக மாறியது. மீதி வீணானது. இதைக் கேட்ட நாள் முதல், வீணாவதைக் குறைக்க வழி தேடினார் டீசல்.

சைக்கிளுக்குக் காற்றடித்ததும் பம்பின் அடிப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருக்கும். காற்றை அழுத்தினால் சூடேறும். மிகமிக அழுத்தினால்? அதில் எண்ணெயைத் தெளித்தாலே போதும், தீப்பொறி இல்லாமலே பற்றிக்கொள்ளும். இதுதான் டீசலின் யோசனை. 1893-ல் இதற்குக் காப்புரிமை பெற்றார்.

அதே ஆண்டு ஆகஸ்ட் 10 அன்று, ஆக்ஸ்பர்க் தொழிற்சாலையில் முதல் சோதனை நடந்தது. எரிபொருள் பற்றிக்கொண்ட வேகத்தில் அழுத்தமானி வெடித்துச் சிதறியது! அருகில் இருந்தவர்கள் மயிரிழையில் தப்பினார்கள். ஆனால் டீசல் மனம் தளரவில்லை. தீப்பொறி இல்லாமல் எரிபொருள் பற்றிக்கொண்டதே, யோசனை சரிதானே என்று எண்ணினார்.

பிறகு இன்ஜினின் குறைகளை ஒவ்வொன்றாகத் திருத்தினார். சூட்டைத் தணிக்க, சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் ஓடச் செய்தார். எண்ணெய் தெளிக்கும் முறையைப் பலமுறை மாற்றினார். 1894 பிப்ரவரியில் இன்ஜின் சுமார் ஒரு நிமிடம் தானாக ஓடியது. மேலும் மூன்று ஆண்டுகள் உழைத்தார். 1897 பிப்ரவரியில் நடந்த சோதனையில், 100 பங்கு வெப்பத்தில் 26 பங்கு வேலையாக மாறியது! 1900-ல் பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் இன்ஜின் கடலை எண்ணெயிலேயே ஓடிக் காட்டியது.

புகழும் பணமும் வந்தன. ஆனால் வழக்குகளும் தவறான முதலீடுகளும் அவரைக் கடனாளியாக்கின. 1913 செப்டம்பர் 29 இரவு, இங்கிலாந்து நோக்கிச் சென்ற கப்பலில் இருந்து அவர் காணாமற்போனார். சில நாட்கள் கழித்து அவரது உடல் கடலில் கண்டெடுக்கப்பட்டது. என்ன நடந்தது என்பது இன்றும் புதிர்தான்.

அவர் மறைந்தாலும் இன்ஜினைத் திருத்தும் வேலை நிற்கவில்லை. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூக்கி, வீணாக வெளியேறும் புகையைக் கொண்டே ஒரு விசிறியைச் சுழற்றி, இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் வழியை 1905-லேயே கண்டிருந்தார். காற்று கூடினால் கூடுதல் எண்ணெயை எரிக்கலாம், சக்தியும் கூடும். வண்டிகளில் 'டர்போ' என்று எழுதியிருப்பது இதைத்தான். 1936-ல் டீசலில் ஓடும் மெர்சிடிஸ் காரும் விற்பனைக்கு வந்தது.

செல்வங்களே, கணக்கு தப்பாகிவிட்டால் உடனே தாளைக் கிழித்து எறியாதீர்கள். எந்த வரியில் தவறு என்று தேடுங்கள். டீசல் செய்ததும் அதுதான்!