தச்சர் மகன் சக்கிச்சி டொயோடா



பினாங்குப் பாலத்தின் மீது நாள்தோறும் எத்தனையோ ஜப்பானியக் கார்கள் விரைந்து செல்கின்றன. அந்நாட்டின் டொயோட்டா நிறுவனம் உருவாக்கிய கார்களுள் மிக உயர்ந்தது 'செஞ்சுரி' என்பதாகும். நூற்றாண்டு என்பது அதன் பொருள். ஜப்பானியப் பேரரசர் குடும்பத்தினரும் பிரதமர்களும் பயணம் செய்த பெருமை அதற்குண்டு. அப்பெயர் யாருடைய நூற்றாண்டைக் குறிக்கின்றது? ஒரு தச்சரின் மகனுடைய நூற்றாண்டையே!

சக்கிச்சி டொயோடா 1867-ஆம் ஆண்டு பிப்ரவரி 14-ஆம் நாள், ஷிசுவோக்கா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்தார். தொடக்கப் பள்ளியோடு படிப்பு முடிந்தது. தந்தையாரிடம் தச்சு வேலை பயின்றார். அவ்வூர்ப் பெண்கள் கைத்தறியில் துணி நெய்து வந்தனர். அவருடைய அன்னையாரும் அவ்வாறே உழைத்தார். அவர்களுடைய உழைப்பின் சுமையைக் குறைக்க வழியில்லையா என்ற எண்ணம் இளைஞரின் உள்ளத்தில் வேரூன்றியது.

தச்சு வேலையை விடுத்து, மகன் தறியோடு காலம் கழிப்பது தந்தையாருக்குப் பிடிக்கவில்லை. ஊராரும் அவரை ஒரு மாதிரியாகவே பார்த்தனர். சக்கிச்சி தளரவில்லை. 1890-இல் தோக்கியோவில் நடைபெற்ற தொழிற் பொருட்காட்சிக்கு நாள்தோறும் சென்று, அங்கிருந்த இயந்திரங்களைக் கூர்ந்து நோக்கினார். அதே ஆண்டில், ஒரு கையாலேயே இயக்கத்தக்க மரத்தறி ஒன்றைச் செய்து முடித்தார். 1891-இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது.

அடுத்து நீராவியால் இயங்கும் விசைத்தறியைப் படைத்தார். ஆயினும் ஒரு குறை அவரை வருத்தியது. நூல் அறுந்தாலும் தறி ஓடிக்கொண்டே இருக்கும், துணி பழுதாகும். ஆகவே தொழிலாளி கண்ணிமைக்காமல் காவல் காக்க நேர்ந்தது. நூல் அறுந்தவுடன் தானே நின்றுவிடும் அமைப்பை அவர் கண்டுபிடித்தார். தம் மகன் கீச்சிரோவுடன் 1924-இல் உருவாக்கிய தானியங்கித் தறியோ, ஓட்டத்தை நிறுத்தாமலேயே நாடாவையும் மாற்றிக்கொண்டது. ஒரே தொழிலாளி பல தறிகளைக் கவனிக்க முடிந்தது.

நெசவு இயந்திரங்களுக்குப் புகழ்பெற்ற இங்கிலாந்து நாட்டின் பிளாட் சகோதரர்கள் நிறுவனமே அத்தறியின் உரிமையைப் பெற 1929-இல் ஒரு லட்சம் பவுனுக்கு ஒப்பந்தம் செய்தது. மறு ஆண்டு, அக்டோபர் 30-ஆம் நாள், சக்கிச்சி மறைந்தார். மகன் மோட்டார்த் தொழிலில் ஈடுபட வேண்டும் என்பது அவருடைய விருப்பம். அதன்படி 1933-இல் தறித் தொழிற்சாலையிலேயே கார் முயற்சி தொடங்கியது. 1936-இல் முதல் பயணிகள் கார் வெளிவந்தது. குடும்பப் பெயர் சிறிது மாறி 'டொயோட்டா' என்றாயிற்று.

அவர் பிறந்து நூறாண்டு நிறைந்த 1967-இல், எட்டு உருளை இயந்திரத்துடன் 'செஞ்சுரி' பிறந்தது. அக்காரின் இருக்கைகளுக்குத் தோலைவிட நெய்த கம்பளித் துணியே பெரிதும் விரும்பப்பட்டது. நெசவுக்காக வாழ்ந்தவரின் நினைவுக்கு இது எத்துணைப் பொருத்தம்!

பெற்றோர்களே! தோட்டத்து உழைப்பின் கடுமையை நன்கறிந்தவர்கள் நீங்கள். உங்கள் பிள்ளை பழுதான மிதிவண்டியையோ வானொலியையோ பிரித்துப் பார்த்தால், உடனே கடிந்துகொள்ள வேண்டா. மாணவர்களே! உங்கள் தாயின் கைகளைக் காய்க்கச் செய்யும் வேலை எதுவென்று இன்றே உற்று நோக்குங்கள். சக்கிச்சியும் அங்கிருந்துதான் தொடங்கினார்.