கணிதம் கற்பித்த துறவி: சார்லஸ் ராசீன்

கணக்கு என்றவுடன் நம்முள் பலருக்கு நினைவு வருவது சூத்திரமும் தேர்வுத்தாளுமே. ஆசிரியர் ஒரு சூத்திரம் தருவார். மாதிரிக் கணக்கு ஒன்று போட்டுக் காட்டுவார். அதைப் போலவே இருபது கணக்குகளை நாம் போட்டுப் பழகுவோம். இவ்வழியில் மதிப்பெண் வரும். ஆனால் கணிதத்தின்பால் பற்று வருமா? வேறொரு வழியில் கற்பித்து, ஒரு தலைமுறையின் போக்கையே மாற்றிய ஆசிரியர் ஒருவர் சென்னையில் வாழ்ந்தார். அவர்தாம் சார்லஸ் ராசீன் அடிகளார்.

1897-இல் பிரான்சில் பிறந்த அவர் இயேசு சபைத் துறவியானார். பாரிசில் எலி கார்த்தான் என்னும் பெருங்கணித அறிஞரிடம் பயின்று, ஐன்ஸ்டைனின் சார்பியல் கொள்கையைப் பற்றிய ஆய்வுக்காக 1934-இல் டாக்டர் பட்டம் பெற்றார். 1937-இல் இந்தியாவுக்கு வந்து, திருச்சி புனித வளனார் கல்லூரியில் பணி தொடங்கினார். 1939-இல் சென்னை லயோலா கல்லூரிக்கு மாறினார். அதன்பின் அக்கல்லூரியே அவருக்கு வாழ்விடமாயிற்று.

அந்நாளில் நம் நாட்டுக் கணிதப் பாடத்திட்டம் கேம்பிரிட்ஜின் பழைய தேர்வு முறையை ஒட்டி அமைந்திருந்தது. சிக்கலான கணக்குகளை விரைவாக விடுவிப்பதே திறமை எனக் கருதப்பட்டது. ஐரோப்பாவிலோ கணிதம் வேறு திசையில் வளர்ந்துகொண்டிருந்தது. இடவியலும் புதிய இயற்கணிதமும் அங்கே தழைத்து வந்தன. அந்தப் புதுக்காற்றை நேரில் அறிந்தவர் ராசீன். ஆகவே பாடத்திட்டத்தின் வேலிக்குள் நிற்க அவர் மனம் ஒப்பவில்லை.

அவருடைய சொற்பொழிவு செப்பனிட்ட சொற்பொழிவு அன்று. அவர் பேசிய ஆங்கிலத்தில் பிரெஞ்சு ஒலி மிகுந்திருக்கும், பின்தொடர்வது எளிதன்று. குறிப்பெடுத்துக்கொண்டு தேர்வில் அப்படியே எழுத எண்ணியவர்க்கு அவ்வகுப்பு இடர்ப்பாடாகவே இருந்திருக்கும். ஆயினும் ஆர்வமுள்ள மாணவர்க்கு அது புதையல். ஒரு கருத்து ஏன் பிறந்தது, அது எங்கே செல்கிறது என்பதை அவர் காட்டினார். புதிய நூல்களைப் படிக்கத் தூண்டினார். எஞ்சியதை மாணவர் தாமே சிந்தித்து நிரப்பிக்கொள்ள வேண்டியிருந்தது. அந்த உழைப்பே அவர்களை ஆய்வாளராக்கியது.

கல்லூரிப் படிப்பை முடித்தவர்களும் அவரை நாடினர். திரிச்சூரில் பிறந்த மீனாட்சிசுந்தரம், ராசீன் வருமுன்னரே லயோலாவில் பட்டம் பெற்றவர். பின்னர் ராசீனுடன் சேர்ந்து கருத்தரங்குகள் நடத்தியபோது பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகளில் அவருக்கு நாட்டம் பிறந்தது. 1949-இல் பிளெய்யெல் என்பாருடன் அவர் வெளியிட்ட ஆய்வு இன்றும் உலகெங்கும் போற்றப்படுகிறது.

ராசீனின் மாணவருள் எம். எஸ். நரசிம்மனும் சி. எஸ். சேஷாத்ரியும் தலையாயவர். இருவரும் 1932-இல் பிறந்தவர்கள். ஒருவர் வட ஆர்க்காட்டுத் தண்டரை என்னும் சிற்றூரினர், மற்றவர் காஞ்சிபுரத்தில் பிறந்தவர். இருவரும் 1953-இல் பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தனர். 1965-இல் அவர்கள் சேர்ந்து நிறுவிய தேற்றம் அவர்கள் பெயராலேயே வழங்குகிறது. சேஷாத்ரி பிற்காலத்தில் சென்னைக் கணிதவியல் கழகத்தைத் தோற்றுவித்தார். ஆசிரியர் ஏற்றிய விளக்கிலிருந்து மற்றொரு விளக்கு ஏற்றப்பட்டது.

இவற்றினும் நம் நெஞ்சைத் தொடுவது சி. பி. ராமானுஜத்தின் கதை. 1938-இல் பிறந்த அவர் லயோலாவில் கணித ஆனர்ஸ் பயின்றார். 1957-இல் தேர்வு முடிவு வந்தபோது அவருக்குக் கிடைத்தது இரண்டாம் வகுப்பே. மதிப்பெண்ணை மட்டும் நோக்கும் ஆசிரியராயின் அங்கேயே கைவிட்டிருப்பார். ராசீனோ அம்மாணவரின் சொந்தச் சிந்தனையையும் அறியும் வேட்கையையும் வகுப்பிலேயே கண்டவர். பம்பாய் நிலையத்துக்கு விண்ணப்பிக்கச் சொல்லித் தாமே பரிந்துரை எழுதினார். ராமானுஜம் அங்கே எண் கோட்பாட்டிலும் இயற்கணித வடிவியலிலும் அரிய பணி செய்தார். 1974-இல் இளமையிலேயே மறைந்த அவரை இன்றும் கணித உலகம் மறக்கவில்லை.

ராசீன் 1967-இல் ஓய்வு பெற்றார், 1976-இல் மறைந்தார். அவர் பெயரால் பெரிய தேற்றம் எதுவும் வழங்கவில்லை. தம் ஆய்வைப் பெருக்குவதினும் பிறரை ஆய்வாளராக்குவதையே அவர் பெரிதெனக் கொண்டார் போலும்.

தோழர்களே! பொன்முடி மலையடியில், இவ்விதுரா வளாகத்தில் பயிலும் நம்முள் பலர், பயிற்சி நிலையங்களின் கடும் தேர்வுகளைத் தாண்டி வந்தவர்கள். வேகமாக விடை காண்பதில் வல்லவர்களாகிவிட்டோம். விடை வராத வினாவோடு ஒரு வாரம் உட்கார்ந்திருக்கும் பொறுமைதான் நமக்குக் குறைவு. ஒரு பருவத்தில் மதிப்பெண் குறைந்தால், கணிதம் எனக்கு வராது என்று தீர்ப்பெழுதிக் கொள்பவரும் நம்மிடையே உண்டு. அவர்கள் ராமானுஜத்தின் இரண்டாம் வகுப்பை நினைக்க வேண்டும்.

நம்முள் சிலர் நாளை ஆசிரியராவோம். அன்று நம் வகுப்பின் கடைசி வரிசையில் மதிப்பெண் குறைந்த ஒரு மாணவர், யாரும் கேட்காத கேள்வியொன்றைக் கேட்கக்கூடும். பாடம் முடிக்கும் அவசரத்தில் அக்கேள்வியைத் தள்ளிவிடாதிருப்போமாயின், ராசீன் அடிகளாருக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவே.