ஜான் வில்கின்ஸன்

நீராவி யந்திரம் என்றவுடன் ஜேம்ஸ் வாட்டின் பெயரே நம் நாவில் எழுகின்றது. அவ்வியந்திரத்தின் சிலிண்டரைச் செம்மையாகக் குடைந்து கொடுத்தவரை நம்மில் அறிந்தோர் சிலரே. அவருடைய சரிதையைச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

ஜான் வில்கின்ஸன் 1728-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் வடமேற்கிலுள்ள கம்பர்லாந்தில் பிறந்தார். தந்தையார் ஐசக் இரும்பு வார்க்குந் தொழிலினர். பிராணவாயுவின் ஆராய்ச்சியால் புகழ்பெற்ற ஜோஸப் பிரீஸ்ட்லி இவர் தங்கையை மணந்தவராவர். வேல்ஸ் நாட்டு ரெக்ஸம் நகரையடுத்த பெர்ஷாம் என்னுமிடத்தில் தந்தையார் நடத்திவந்த வார்ப்படச்சாலை பின்னர் இவர் கைக்கு வந்தது.

அந்நாளில் பீரங்கிகளை உட்புழையோடு வார்த்துப் பின்பு குடைவது வழக்கம். வார்ப்பிற் புழை சிறிது கோணினும், குடையும் உளி அக்கோணலைப் பின்பற்றியே செல்லும். வில்கின்ஸன் பீரங்கியைக் கெட்டியாக வார்த்து, அதனையே சுழலச்செய்து, சுழலாத உளியை நேரே உட்செலுத்தினார். 1774-இல் இதற்கு உரிமைப் பத்திரமும் பெற்றார். ஆயின் ஐரோப்பாவிற் பிறரும் இம்முறையை முன்னரே கையாண்டிருந்தனர். ஆங்கிலக் கடற்படையாரும் ஒருவர்க்கே தனியுரிமை இருத்தலை விரும்பவில்லை. ஆதலின் 1779-இல் அப்பத்திரம் தள்ளுபடியாயிற்று.

இனி வாட்டின் இடர்ப்பாட்டை நோக்குவோம். பழைய நியூக்கோமன் யந்திரத்தில் பிஸ்டனின்மேல் நீரைத் தேக்கி இடுக்குகளை அடைத்தனர். வாட்டின் யந்திரத்திலோ சிலிண்டர் எப்போதும் சூடாகவே இருத்தல் வேண்டும். ஆங்கு நீர் இறங்கினால் ஆவியாகிக் காரியத்தைக் கெடுக்கும். எனவே பிஸ்டன் புழையின் சுவரோடு நன்கு பொருந்தவேண்டும். 1769-இல் உரிமைப் பத்திரம் பெற்ற வாட், தக்கை, எண்ணெய்த் துணி, காகிதம் முதலிய பலவற்றைத் திணித்துப் பார்த்தும் பயனின்றி ஆண்டுகள் பல கழித்தார்.

அக்காலத்தில் ஸ்மீட்டன் என்னும் பெரும் பொறியியலறிஞர் அமைத்த குடையும் யந்திரம் ஒன்று இருந்தது. அதில் நீண்ட தண்டின் ஒரு முனையில் உளிகள் பூட்டப்பட்டிருந்தன, மறுமுனையே தாங்கப்பட்டிருந்தது. உளித்தலையின் பாரம் சிலிண்டரின் அடிச்சுவரின்மேலேயே தங்கிச் சென்றது. இதனால் துளை ஏறக்குறைய வட்டமாக அமையினும், நெடுக நேராக அமையவில்லை. வார்ப்பின் வளைவெல்லாம் துளையிலும் புகுந்தது.

வில்கின்ஸன் கண்ட உண்மை மிக எளியது. பீரங்கிக்கு ஒருபுறமே வாய். சிலிண்டருக்கோ இருபுறமும் வாய். அங்ஙனமாயின் தண்டினை ஊடே செலுத்தி இருமுனைகளிலும் தாங்கலாமன்றோ? 1775-இல் அவ்வாறே செய்தார். சிலிண்டர் அசையாது பிணிக்கப்பட்டது. உறுதியான தண்டு நீர்ச்சக்கரத்தின் வலியாற் சுழன்றது. உளித்தலை அத்தண்டின்மீதே மெல்ல நகர்ந்து சென்றது. உளிக்கு வழிகாட்டியது தண்டேயன்றி வார்ப்பின் சுவரன்று. சொன்னபின் எவர்க்கும் தோன்றுவதே. ஆயினும் அத்துணைக் காலம் எவர்க்கும் தோன்றிலது!

அவ்வாண்டிலேயே முதற் சிலிண்டர் பர்மிங்ஹாமுக்கருகிலுள்ள ஸோஹோவை அடைந்தது. 1776-இல் டிப்டன் நிலக்கரிச் சுரங்கத்துக்கு 50 அங்குல விட்டமுள்ள சிலிண்டர் குடையப்பெற்றது. அதன் பிழை பழைய ஷில்லிங் நாணயத்தின் கனத்தளவும் இல்லையென வாட்டின் கூட்டாளி போல்ட்டன் வியந்தார். அங்குலத்தின் ஆயிரத்திலொரு பங்கை அளக்கும் இக்காலக் கடைசற்காரர் இதுகேட்டு நகைப்பர். வாட்டுக்கோ அதுவே உயிர்நிலையாயிற்று. ஏறக்குறைய 20 ஆண்டுகள் அவர்தம் சிலிண்டர்களிற் பெரும்பாலானவற்றை வில்கின்ஸனே செய்தளித்தார்.

இரும்பின்மீது அவர் கொண்ட காதல் பித்தெனவே பேசப்பட்டது. 1779-இல் முடிந்த ஸெவர்ன் நதியின் இரும்புப் பாலத்துக்கு முன்னின்று உழைத்தோருள் அவரும் ஒருவர். 1787-இல் அந்நதியில் இரும்புப் படகொன்றை மிதக்கவிட்டார்.

அவர்பாற் குறையொன்றும் உண்டு. அதனை மறைத்தல் முறையன்று. வாட்டின் யந்திரத்தை வைத்தோர் எரிபொருள் மிச்சத்தில் மூன்றிலொரு பங்கைக் கட்டணமாகச் செலுத்தவேண்டும். வில்கின்ஸன் அதனைச் செலுத்தாமலே மறைவாகப் பல யந்திரங்கள் செய்து விற்றார். தம்பி வில்லியமோடு பகை மூண்டபோது, அத்தம்பியே போல்ட்டனிடமும் வாட்டிடமும் அதனை வெளியிட்டார். 1795-இல் அவர்கள் தமக்கெனத் தனி வார்ப்படச்சாலை கட்டத் தொடங்கினர். நண்பரின் நெடுநாளைய துன்பத்தைத் தீர்த்தவரே அவர்க்குரிய பொருளை வஞ்சித்தது எமக்கு வருத்தமே தருகின்றது.

1808-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் வில்கின்ஸன் காலமானார். அவர் விருப்பப்படியே இரும்புப் பெட்டியில் வைத்து அடக்கஞ் செய்தனர். அப்பெட்டி பின்னர் ஓரிடத்தில் நிலையாக இராது, ஒருமுறைக்கு மேல் தோண்டி இடமாற்றப்பட்டது. அவர் நினைவாக எழுந்த வார்ப்பிரும்புத் தூண் லிண்டேல் என்னுஞ் சிற்றூரில் இன்றும் நிற்கின்றது.