கோஷ்டி இல்லாத முதன் மந்திரி

திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்குச் சுமார் 40 மைல். அந்நாளில் அந்தச் சாலையில் ரமணாசிரமத்தை நாடி வந்த பக்தர்களில் கதர் வேட்டியும் கதர்ச் சட்டையும் அணிந்த ஒரு விவசாயியும் உண்டு. கலாசாலைப் பட்டம் இல்லாதவர். மேடையில் அடுக்கு மொழி பேசத் தெரியாதவர். அவர்தாம் பாரதம் சுதந்திரம் அடைந்த நன்னாளில் சென்னை மாகாணத்தின் தலைமைப் பீடத்தில் இருந்த ஓமந்தூர் பெரியவளவு ராமசாமி ரெட்டியார்.

திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் 1895 பிப்ரவரி 1-ந் தேதி பிறந்தவர் அவர். குடியானவக் குடும்பம். காந்திஜியின் வழியில் காங்கிரசுக்கு வந்து, தென்னாற்காட்டில் கட்சியை வளர்த்தார். 1940-ல் காமராஜர் தமிழ்நாடு காங்கிரஸ் தலைவராவதற்கு முன்பு அந்தப் பதவியையும் வகித்தவர். ஆனால் தமக்கென்று ஒரு கோஷ்டியை அவர் கட்டிக்கொள்ளவில்லை. அவர் பதவிக்கு வந்ததும் அதனால்தான். பதவியை இழந்ததும் அதனால்தான்.

148-க்கு 38

1946 தேர்தலில் சட்டசபையின் 215 இடங்களில் காங்கிரஸ் 163 இடங்களைப் பிடித்தது. எதிர்க்கட்சியைப் பற்றிக் கவலையில்லை. கவலையெல்லாம் வீட்டுக்குள்ளேதான். யாரைத் தலைவராக்குவது?

அமெரிக்காவில் ஜனாதிபதி அபேட்சகரைப் பொறுக்கி எடுக்க, ஒரே கட்சிக்காரர்கள் ராஜ்யம் ராஜ்யமாகப் போய் ஒருவரையொருவர் பகிரங்கமாகத் தாக்கிக் கொள்வார்கள். அதற்கென்று அங்கே முன்தேர்தலே நடத்துகிறார்கள். நம்மவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு அதையே செய்தார்கள். அன்றைய சென்னை மாகாணத்தில் தமிழரோடு ஆந்திரர், மலையாளிகள், கன்னடியர் ஆகியோரும் இருந்தார்கள். ஆகவே சண்டைக்கு மொழியும் சேர்ந்துகொண்டது.

காந்திஜிக்கு ராஜாஜி வர வேண்டும் என்பது விருப்பம். அறிவிலும் நிர்வாகத் திறமையிலும் அவருக்கு இணையில்லை என்பதை எதிரிகளும் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் 1942-ல், ஆகஸ்டுப் போராட்டத்திற்குச் சற்று முன்பு அவர் காங்கிரசை விட்டு விலகியதைச் சிறை சென்ற தொண்டர்கள் மறக்கவில்லை. காமராஜரை ஒரு கோஷ்டியின் தலைவர் என்ற பொருள்படக் காந்திஜி ஹரிஜன் பத்திரிகையில் எழுத, மனம் நொந்த காமராஜர் பார்லிமெண்டரி போர்டிலிருந்து விலகினார். காந்திஜியிடம் பக்தி குறையவில்லை, பிடிவாதமும் குறையவில்லை. ஓட்டெடுப்பில் ராஜாஜியின் பெயர் 148-க்கு 38 என்ற கணக்கில் தோற்றது. மகாத்மாவின் சிபாரிசு அவருடைய சொந்தக் கட்சியிலேயே செல்லுபடியாகவில்லை!

அடுத்து ஆந்திர கேசரி பிரகாசமும், காமராஜர் ஆதரித்த முத்துரங்க முதலியாரும் மோதினார்கள். ராஜாஜியின் ஆட்கள் ஒதுங்கி நின்றார்கள். பிரகாசத்திற்கு 82 ஓட்டு, முதலியாருக்கு 69. ஏப்ரல் கடைசியில் பிரகாசம் பதவி ஏற்றார்.

1928-ல் சைமன் கமிஷன் வந்தபோது சென்னையில் போலீஸ் துப்பாக்கிக்கு முன் மார்பைத் திறந்து காட்டிய வீரர் அவர். ஆனால் வீரம் வேறு, பத்துப் பேரை அனுசரித்துப் போவது வேறு. பொது ஜனங்கள் அளித்த பணமுடிப்பைச் சொந்தச் செலவுக்கு வைத்துக்கொண்டார் என்று காந்திஜிக்கே அவர் மீது அதிருப்தி. கதரை வளர்க்கப் புதிய நூல் மில்கள் கூடாது என்று அவர் பிடித்த பிடி பலரைப் பகைத்துக்கொண்டது. ஆந்திரத்திலேயே பட்டாபி சீதாராமய்யா கோஷ்டி அவருக்கு எதிராக இருந்தது. அவர்களும் காமராஜரும் கைகோத்தவுடன், ஓராண்டு நிறைவதற்குள் பிரகாசத்தின் மந்திரி சபை கவிழ்ந்தது.

எல்லாருக்கும் பொதுவானவர்

இப்போது எந்தக் கோஷ்டித் தலைவர் வந்தாலும் மற்றக் கோஷ்டி விடாது. யாருக்கும் பகையில்லாத ஒருவர் வேண்டும். இத்தகைய நெருக்கடியில் கட்சிகள் செய்யும் காரியம் எங்கும் ஒன்றுதான். 1920-ல் சிகாகோ மாநாட்டில் பெரிய அபேட்சகர்கள் ஒருவரையொருவர் முடக்கிவிட, குடியரசுக் கட்சியினர் பத்தாவது சுற்றில் வாரன் ஹார்டிங்கைப் பிடித்தார்கள். இணக்கமானவர், தொல்லை தரமாட்டார் என்பது கணக்கு. அந்த இணக்கத்தை அவருடைய சகாக்கள் எப்படிச் சுரண்டினார்கள் என்பது அமெரிக்க ஊழல் சரித்திரத்தில் ஒரு தனி அத்தியாயம்.

சென்னையில் ரெட்டியாரைத் தேர்ந்தெடுத்தவர்களும் ஏறக்குறைய அதே கணக்கைத்தான் போட்டார்கள். கிராமத்து மனிதர், ஆத்மிக நாட்டம் உள்ளவர், பின்பலம் இல்லாதவர். சொன்னபடி கேட்பார் என்று நினைத்தார்கள். அவரோ பதவியே வேண்டாம் என்றார். காமராஜர் விடவில்லை. ரெட்டியார் திருவண்ணாமலைக்குச் சென்று ரமண மகரிஷியின் சந்நிதியில் மனத் தெளிவு பெற்ற பிறகே இசைந்தார் என்று ஒரு செய்தி வழங்கி வருகிறது. 1947 மார்ச் 23-ந் தேதி அவர் பொறுப்பேற்றார்.

இரண்டே ஆண்டுகள். ஆனால் அந்த இரண்டாண்டில் நடந்த காரியங்களைப் பாருங்கள். கோவில்களை அரிஜனங்களுக்குத் திறந்துவிடும் சட்டம் 1947-ல் மாகாணம் முழுமைக்கும் வந்தது. திருவண்ணாமலை போன்ற பெருங்கோவில்களில் இனி வாசலில் நிறுத்துவதற்குச் சட்டத்தில் இடமில்லை. பெண்களைக் கோவிலுக்குப் பொட்டுக் கட்டும் வழக்கம் அதே ஆண்டு தடை செய்யப்பட்டது. ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948-ல் நிறைவேறியது. அவ்வாண்டு காந்தி ஜயந்தியன்று மதுவிலக்கு மாகாணம் எங்கும் பரவியது. பாரதியார் பாடல்களின் உரிமையைச் சர்க்கார் ஏற்கும் என்ற அறிவிப்பு 1949 மார்ச்சில் வெளியாயிற்று. உத்தியோக வகுப்புவாரி உத்தரவைத் திருத்திப் பிற்பட்ட இந்துக்களுக்குத் தனி இடம் கொடுத்ததும் அவர் காலத்தில்தான். கோவில் சொத்துக்களை ஒழுங்குபடுத்த அவர் முனைந்தபோது, தாடி இல்லாத ராமசாமி நாயக்கர் என்று எதிரிகள் அவருக்குப் பட்டம் சூட்டினார்கள். தினமும் கடவுளை வணங்கிய மனிதருக்கு இப்படி ஒரு பட்டம்!

சிபாரிசுக்கு இடமில்லை

பெரும் சட்டங்களுக்காக அவரைக் கவிழ்த்தார்கள் என்று எண்ண வேண்டாம். விஷயம் சின்னது. சட்டசபை அங்கத்தினர் ஒருவர் தம் ஊர் ஆளுக்கு ஒரு வேலை, ஒரு லைசென்ஸ், ஒரு அதிகாரிக்கு மாற்றல் என்று கேட்டு வருவார். ரெட்டியார் முகத்துக்கு நேரே மறுத்துவிடுவார். நிர்வாகத்தில் அங்கத்தினர் தலையிடக் கூடாது என்பது அவர் கொள்கை. மறுப்பதிலும் நயம் இராது. இந்த இடத்தில் அவரிடமும் குறை உண்டென்றே சொல்ல வேண்டும். இல்லை என்பதைச் சிரித்துக்கொண்டே சொல்லத் தெரிந்திருந்தால் பாதிப் பகை குறைந்திருக்கும். ஊருக்குத் திரும்பிப் போய் ஓட்டர் முகத்தில் விழிக்க வேண்டிய அங்கத்தினரின் சங்கடத்தை அவர் எண்ணிப் பார்க்கவில்லை.

1948-ல் தலைமைக்கு மீண்டும் போட்டி வந்தபோது ரெட்டியார் சமாளித்துவிட்டார். அதன் பிறகு அதிருப்தி சொந்த ஆதரவாளர் பக்கத்திலேயே முளைத்தது. 1949 மார்ச் 17-ல் ரமணாசிரமத்தில் மாத்ருபூதேசுவரர் ஆலயக் கும்பாபிஷேகம் நடந்த சமயம், சென்னையில் கட்சிக்குள் எதிர்ப்பு முற்றியிருந்தது. அவரை அழைத்துவந்த காமராஜரின் ஆதரவும் இப்போது இல்லை. வேறு யாருடனாவது பேரம் பேசி ஆள் சேர்த்திருந்தால் பதவியில் இன்னும் சில காலம் நீடித்திருக்கலாம். ரெட்டியார் அந்த வேலையில் இறங்கவில்லை, ஒதுங்கிக்கொண்டார். ஏப்ரல் 6-ந் தேதி ராஜபாளையம் குமாரசாமி ராஜா பதவி ஏற்றார்.

மறு ஆண்டு ஏப்ரல் 14-ந் தேதி மகரிஷி சமாதி அடைந்தார். ரெட்டியார் அரசியலில் திரும்ப இடம் தேடவில்லை. வள்ளலாரின் வடலூருக்குச் சென்று, பள்ளிக்கூடத்தையும் சன்மார்க்கத் தொண்டையும் கவனித்து வந்தார். 1970 ஆகஸ்டு 25-ந் தேதி அவர் காலமானபோது பதவியை விட்டு இருபத்தோரு ஆண்டுகள் ஆகியிருந்தன.